கத்திக்கு இசைந்த காந்தியடிகள்

சென்ற ஆண்டு விடுமுறையில் சித்தூரிலுள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, ஒருநாள் மாலை எனக்கு வயிற்றுவலி கண்டது. கொப்பூழைச் சுற்றி மந்தமாக எழுந்த வலி, அதனுடன் குமட்டல், உணவின்மேல் வெறுப்பு. அம்மா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதற்கு அது கேட்கவில்லை. வாய்வுதான், வயிறு சுத்தமானால் தீர்ந்துவிடும் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்ல, விளக்கெண்ணெயும் குடித்து வைத்தேன். நான் விலங்கியலில் முதுகலை பயில்கிறவன். முயலின் குடல்வாலைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து மதிப்பெண் பெற்றவன். ஆயினும் என் வயிற்றிலேயே ஒரு குடல்வால் வீங்கிக்கொண்டிருந்ததை நான் அறிந்தேனில்லை!

மறுநாள் காலை வலி கொப்பூழை விட்டு நகர்ந்து, வலப்புற அடிவயிற்றில் வந்து நிலைத்தது. தேர்வு நெருங்கிவிட்டதே என்னும் கவலையில் அந்த வலியோடேயே திருப்பதிக்குப் பேருந்து ஏறினேன். பேருந்து குலுங்கிய ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் ஊசி ஏறி இறங்கியது. விடுதி நண்பர்கள் என்னைக் கண்டதும் பெட்டியைக்கூட இறக்கவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்த அறுவை மருத்துவர் வலப்புறம் மெல்ல அழுத்தினார். பிறகு சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது வந்த வலியினும் கையை எடுத்தபோது வந்த வலி பெரிது. இரத்தமும் ஒலியலைப் படமும் அவர் ஐயத்தை உறுதி செய்தன. அன்றிரவே அறுவை முடிந்தது.

மூன்றாம் நாள் என் படுக்கையருகே நின்ற அம்மருத்துவர், காந்தியடிகளுக்கும் இதே நோய் வந்து இதே அறுவை நடந்தது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வியப்பாக இருந்தது. மண்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் போதும் என்று வாழ்ந்தவர் அல்லரோ அடிகள்? விடுதி நண்பர் ஒருவரிடம் கேட்டுச் சத்திய சோதனையை வாங்கிப் படித்தேன். அந்நூலோ 1920-ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. அறுவை நடந்ததோ 1924-இல். எனவே வேறு நூல்களையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அடிகளின் வாழ்க்கை முழுவதும் மருத்துவத்தோடு அவர் நடத்திய ஒரு நீண்ட வழக்காகவே எனக்குத் தோன்றலாயிற்று. அதைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

தந்தையின் புண்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். அவர் பதினாறாம் வயதை எட்டியபோது, தந்தையார் கரம்சந்தர் பவுத்திரம் என்னும் நோயால் படுக்கையில் கிடந்தார். பள்ளி விட்டதும் வீட்டிற்கு ஓடி வந்து, தந்தையின் புண்ணைக் கழுவிக் கட்டுவதும், மருந்து கலந்து கொடுப்பதும், இரவில் கால் பிடிப்பதும் மகனின் வேலைகள். ஆயுர்வேத வைத்தியர்கள் களிம்பு பூசினர். ஹக்கீம்கள் பற்றுப் போட்டனர். நாட்டு வைத்தியர்களும் தத்தம் கைவரிசையைக் காட்டினர். ஆங்கில மருத்துவர் ஒருவர் அறுவை ஒன்றே வழி என்றார். குடும்ப வைத்தியரோ, இத்தனை வயதானவருக்கு அறுவை ஆகாது என்று தடுத்துவிட்டார். 1885-இல் தந்தையார் காலமானார்.

குடும்ப வைத்தியர் அன்று அறுவைக்கு இசைந்திருந்தால் புண் எளிதில் ஆறியிருக்கும் என்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அடிகளே எழுதுகிறார். மருத்துவத்தைப் பிற்காலத்தில் அத்தனை கடுமையாகச் சாடியவர், தம் தந்தை கத்தியால் பிழைத்திருப்பார் என்பதை மறைக்கவில்லை. இந்த ஓர் இடமே அவர் எத்தகையவர் என்பதை எனக்குக் காட்டிற்று.

இளைஞர் மோகன்தாசுக்கு மருத்துவம் படிக்கவே ஆசை. ஆனால் வைணவக் குடும்பத்தில் பிறந்தவன் பிணத்தை அறுப்பதா என்று தந்தையார் முன்பு சொன்னதைத் தமையனார் நினைவூட்டினார். ஆகவே 1888-இல் சட்டம் பயில இலண்டனுக்குக் கப்பலேறினார். மருத்துவராகியிருக்க வேண்டியவர் வழக்கறிஞரானார். வழக்கறிஞராகியும் நோயாளியின் பக்கத்தை விட்டு அகலவில்லை.

தமிழரும் தெலுங்கரும் கிடந்த இடம்

தென்னாப்பிரிக்காவில் அவர் வழக்கறிஞராக நிலைபெற்ற காலம். 1894-இல் பாலசுந்தரம் என்னும் தமிழர் ஒருவர், ஒப்பந்தக் கூலியாக இருந்தவர், முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து குருதி ஒழுக அவர் முன் வந்து நின்றார். அடிகள் முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்றுக் கடிதம் பெற்றார். அதன் பின்னரே நீதிமன்றம் சென்றார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் சென்ற தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆதலின் இந்தப் பாலசுந்தரம் எனக்கு ஏட்டில் வரும் பெயராக மட்டும் தோன்றவில்லை.

பின்னர் டர்பன் நகரில் டாக்டர் பூத் என்பவர் மேற்பார்வையில் ஒரு சிறு தரும மருத்துவமனை தொடங்கப்பட்டது. அடிகள் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் அங்கே தொண்டு செய்தார். நோயாளியின் குறைகளைக் கேட்டு மருத்துவரிடம் எடுத்துரைப்பதும், எழுதித் தரும் மருந்தைக் கலந்து கொடுப்பதும் அவர் பணி. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும் வடநாட்டவருமான ஒப்பந்தக் கூலிகள். நம் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிப்பதுபோல அந்த மருத்துவமனைத் திண்ணையிலும் ஒலித்திருக்கும் போலும். 1899-இல் போயர் போர் மூண்டபோது ஏறத்தாழ 1,100 இந்தியர்களைத் திரட்டி, காயம்பட்டோரைச் சுமந்து செல்லும் படையொன்றை அமைத்தார். அதற்குப் பயிற்சி அளித்தவரும் அதே டாக்டர் பூத்தான்.

1904-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கொள்ளைநோய் பரவிற்று. பழைய கிடங்கு ஒன்றில் 23 நோயாளிகளை வைத்து அடிகளும் நண்பர்களும் பணி செய்தனர். மருத்துவரின் இசைவு பெற்று, மூவருக்கு மட்டும் ஈரமண் கட்டும் முறையை அடிகள் கையாண்டார். அம்மூவரில் இருவர் பிழைத்தனர். மற்ற இருபதின்மரும் மாண்டனர். அவ்விருவரும் எதனால் பிழைத்தார்கள் என்று சொல்ல இயலாது என அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் மண் சிகிச்சையில் தம் நம்பிக்கை வளர்ந்தது என்றும் சொல்கிறார். ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நாம், மூவரை வைத்து ஒரு முடிவுக்கு வரலாகாது என்போம். உண்மைதான். ஆனால் அந்தக் கிடங்கிற்குள் நுழைந்து நோயாளிகளைத் தொட நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்?

1909-இன் தொடக்கத்தில் கஸ்தூரிபாய் அம்மையாருக்கு டர்பனில் ஓர் அறுவை நடந்தது. அம்மையார் மிகவும் மெலிந்திருந்தமையால் மயக்க மருந்தின்றியே அதைச் செய்ய நேர்ந்தது. அம்மையார் வலியைத் தாங்கினார். ஆனால் பின்னர் மருத்துவர் மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க முற்பட்டபோது மறுத்துவிட்டார். அடிகள் அவரை மழையில் இரயிலேற்றித் தம் பீனிக்ஸ் குடியிருப்பிற்குக் கொண்டு சென்று, நீர்ச் சிகிச்சையால் தேற்றினார். அதே ஆண்டு நவம்பரில், இலண்டனிலிருந்து திரும்பும் கப்பலில் இந்திய சுயராஜ்யம் என்னும் சிறுநூலை எழுதினார். வழக்கறிஞர்களுக்கும் இரயில்களுக்கும் விழுந்த அடி அதில் மருத்துவர்களுக்கும் விழுந்தது. மனிதன் அளவு மீறி உண்கிறான், மருத்துவர் மருந்து தருகிறார், அவன் மீண்டும் அளவு மீறுகிறான். ஆகவே மருத்துவமனைகள் புலனடக்கத்தைக் கெடுத்துப் பாவத்தை வளர்க்கின்றன என்பது அவர் வாதம்.

அளவு மீறி உண்பவனுக்கு இவ்வாதம் பொருந்தலாம். ஆனால் அளவோடு உண்பவனையும் விடாத நோய் ஒன்று உண்டு. அது பதினைந்து ஆண்டுகள் கழித்து அவரையே தேடி வந்தது.

குடல்வாலின் கதை

இங்கே நோயின் வரலாற்றைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். நம் பெருங்குடலின் தொடக்கத்தில், வலப்புற அடிவயிற்றில், ஒரு முனை மூடிய சிறு குழாய் தொங்குகிறது. நீளம் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர். இதுவே குடல்வால். கிரேக்க நாட்டு மருத்துவ அறிஞர் காலன் இதைப் பற்றி எழுதவில்லை. அவர் அறுத்துப் பார்த்த குரங்குகளுக்குக் குடல்வால் இல்லை! 16-ஆம் நூற்றாண்டில் மனித உடலை அறுத்துப் பார்த்த இத்தாலிய அறிஞர் பெரெங்காரியோவே இதைத் தெளிவாகக் குறித்தார்.

இந்தக் குழாயின் வாய் கெட்டிப்பட்ட மலத்துணுக்காலோ, சுவரிலுள்ள நிணத்திசு வீங்குவதாலோ அடைபடக்கூடும். அடைபட்டால் உள்ளே நீர் தேங்கும், நுண்ணுயிர்கள் பெருகும், சுவர் வீங்கும், வீக்கத்தால் குருதியோட்டம் தடைபடும், தசை அழுகும், முடிவில் ஓட்டை விழுந்து சீழும் மலமும் வயிற்றறைக்குள் கொட்டும். வலி இடம் மாறுவதற்கும் காரணம் உண்டு. குடல்வாலிலிருந்து வரும் நரம்பு, கொப்பூழைச் சுற்றியுள்ள தோலின் நரம்பு தண்டுவடத்தில் சேரும் அதே மட்டத்தில் சேர்கிறது. எனவே மூளை முதலில் ஏமாந்து, வலி கொப்பூழில் என்று எண்ணுகிறது. வீக்கம் முற்றி வயிற்றறையின் உட்சவ்வைத் தொட்ட பின்னரே வலியின் உண்மையான இடம் புலப்படுகிறது. என் வீட்டார் மட்டுமன்று, என் மூளையே ஏமாந்துதான் இருந்தது!

1735-இல் இலண்டனில் கிளாடியஸ் அமியாண்டு என்பவர், குடலிறக்கத்திற்காக 11 வயதுச் சிறுவன் ஒருவனை அறுத்தபோது, உள்ளே குண்டூசி ஒன்றால் துளைபட்ட குடல்வாலைக் கண்டு அதை வெட்டி எடுத்தார். சிறுவன் பிழைத்தான். ஆயினும் அதன் பின் ஒன்றரை நூற்றாண்டு வரை, வலப்புற அடிவயிற்று நோய் பெருங்குடலின் தொடக்கப் பையில் வருவது என்றே பலரும் நம்பினர். அபினி கொடுத்து வலியை அடக்கினர், பேதிக்குக் கொடுத்தனர், இறந்தோரைப் புதைத்தனர். 1886-இல் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு பிட்சு என்னும் பேராசிரியர், இறந்தோர் உடல்களை ஆய்ந்த குறிப்புகளைத் தொகுத்து, நோயின் மூலம் குடல்வாலே என்று நிறுவி, அதற்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயரும் இட்டார். அவர் அறுவை மருத்துவர் அல்லர். ஆயினும் நோய் தணியாவிடில் காலந் தாழ்த்தாமல் அறுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். 1887-இல் பிலடெல்பியாவில் நோயை முன்கூட்டியே கணித்துக் குடல்வாலை அகற்றி வெற்றி கண்டவர் தாமஸ் மார்ட்டன். அவருடைய உடன்பிறந்தவர் ஒருவரையும் மகனையும் இதே நோய் முன்னரே கொண்டுபோயிருந்தது. 1889-இல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் கொப்பூழுக்கும் இடையே கோடு இழுத்தால், எலும்பு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் விரல் நுனியால் அழுத்த வலி மிகும் என்று காட்டினார். என் மருத்துவர் அழுத்திய இடமும் அதுவே.

இந்த நோய்க்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது ஒரு மன்னரின் வயிறு. 1902-ஆம் ஆண்டு ஜூன் 26-இல் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா என்று உலகத்தார் இலண்டனில் கூடியிருந்தனர். 24-ஆம் நாள் சர் பிரெடரிக் டிரீவ்ஸ் அரண்மனையிலேயே மன்னரை அறுத்துச் சீழை வெளியேற்றினார். விழா ஆகஸ்டு 9-க்குத் தள்ளிப்போயிற்று. டிரீவ்ஸ் நோய் தணியும்வரை பொறுத்திருந்து பின்னர் அறுப்பதே நல்லது என்று முன்பு கூறி வந்தவர். தம் சொந்த மகளை இந்நோய்க்கே பறிகொடுத்தவர். மன்னருக்கு அடுத்து உலகம் உற்று நோக்கிய குடல்வால், மன்னரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற ஒரு கைதியினுடையது.

1924 ஜனவரி 12

1922 பிப்ரவரியில் சவுரி சவுராவில் கூட்டத்தினர் காவல் நிலையத்திற்குத் தீயிட்டுக் காவலர்களைக் கொன்றனர். அதனால் மனம் நொந்த அடிகள் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். மார்ச்சு 10-இல் கைதானார்; 18-ஆம் நாள் ஆமதாபாத்தில் ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, பூனாவை அடுத்த எரவாடாச் சிறைக்குச் சென்றார். அங்கே நூற்பதும் படிப்பதுமாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1924 ஜனவரியில் வயிற்றுவலியும் காய்ச்சலும் கண்டன. பூனா சாசூன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் கர்னல் மேடாக் வந்து பார்த்து, குடல்வால் அழற்சி என்று கணித்தார். 12-ஆம் நாள் கைதி சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அடிகள் தமக்குப் பழக்கமான டாக்டர் தலாலையும் டாக்டர் ஜீவராஜ் மேத்தாவையும் வரவழைக்க விரும்பினார். டாக்டர் தலால் 1919-இல் அவருக்கு ஆசனவாய் வெடிப்பிற்காக அறுவை செய்தவர். ஆகக் கத்தி அவருக்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை நோய் பொறுக்குமா? இரவு ஏறிக்கொண்டிருந்தது. குடல்வால் வெடித்தால் வயிற்றறை முழுவதும் சீழ் பரவும். சல்பா மருந்துகள் வர இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகவேண்டும். பிளெமிங் பென்சிலினைக் கண்டதோ 1928-இல். அக்காலத்தில் வெடித்த குடல்வாலுக்கு மருந்து என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. அடிகள் மேடாக்கின் கையிலேயே தம்மை ஒப்படைத்தார்.

அப்போது அவர் பார்க்க விரும்பியவர்களுள் ஒருவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், வலங்கைமானில் பிறந்த தமிழர், பூனாவில் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். அரசியலில் அடிகளின் ஒத்துழையாமையை எதிர்த்தவர் அவர். சாவு அருகில் நின்ற வேளையில் அடிகள் அழைத்தது தம்மைப் போற்றும் தொண்டர் கூட்டத்தை அன்று; தம்மோடு மாறுபட்ட ஒரு நேர்மையாளரை. இருவரும் கலந்து ஓர் அறிக்கை எழுதினர். மருத்துவர்கள் தம்மை அன்போடு நடத்துகின்றனர், கர்னல் மேடாக்கிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டு, தம் மருத்துவர்களை வரவழைக்க அரசினர் இடம் தந்தும் காலதாமதம் கூடாதென்பதால் தாமே இசைகிறார் என்பது அதன் சாரம். நடுங்கும் கையால் அதில் பென்சிலில் கையொப்பமிட்டார்.

அந்த அறிக்கையின் தேவையை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயரின் கைதி, ஆங்கிலேய மருத்துவரின் கத்தியின்கீழ், நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் இறந்துபோனால் நாடு என்ன ஆகும்? ஒரு சவுரி சவுராவைத் தாங்கமாட்டாது இயக்கத்தையே நிறுத்தியவர், தம் சாவினால் நூறு சவுரி சவுராக்கள் எழுவதைத் தடுக்கவே மேடாக்கின்மேல் பழி வாராதபடி எழுதிக் கொடுத்தார் என்று நான் கருதுகிறேன். வலியால் துடித்துக்கொண்டிருந்த நான் இசைவுத் தாளில் எங்கே கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கக்கூட இல்லை.

இரவு அறுவை தொடங்கிற்று. குளோரோபாரம் கொடுக்கப்பட்டது. நடுவே மின்விளக்கு அணைந்தது. செவிலி ஒருவர் பிடித்திருந்த கைமின்விளக்கும் அணைந்துவிட, அரிக்கேன் விளக்கின் ஒளியில் மேடாக் வேலையை முடித்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முப்பது கோடி மக்களின் தலைவரது வயிறு திறந்து கிடக்க, ஓர் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் குனிந்து நின்ற அந்த மருத்துவரின் நிலையை எண்ணும்போது, நம் மெய் சிலிர்க்கிறது அல்லவா?

உயிர் தப்பியது. ஆனால் உள்ளே சீழ்க்கட்டி இருந்தமையால் புண் விரைவில் ஆறவில்லை. பிப்ரவரி 5-இல் அரசினர் நிபந்தனையின்றி அவரை விடுவித்தனர். நோயின் காரணமாகக் கிடைத்த விடுதலை தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று அடிகள் கூறிவிட்டார். மார்ச்சில் மருத்துவமனையை விட்டு வெளியேறி, பம்பாயை அடுத்த ஜுஹுவில் கடற்கரை வீடொன்றில் தங்கி உடல் தேறினார்.

ஒப்புக்கொண்ட குற்றம்

இனித்தான் வழக்கின் தீர்ப்பு வருகிறது. மருத்துவமனைகளைப் பழித்து நூல் எழுதியவர் மருத்துவமனையில் அறுக்கப்பட்டது முரண் அன்றோ என்று பலர் கேட்டனர். அடிகள் நினைத்திருந்தால், கைதிக்கு வேறு வழி ஏது என்று தப்பியிருக்கலாம். அறுவை வேறு, மருந்து வேறு என்று வாதாடியிருக்கலாம். அவர் வழக்கறிஞர் அல்லரோ? அவர் அப்படிச் செய்யவில்லை. அறுவைக்கு இசைந்தது தம் ஆன்மாவின் பலவீனமே என்றும், பற்று முற்றும் அற்றிருந்தால் வருவதை ஏற்றிருப்பார் என்றும், ஆனால் இந்த உடலில் இன்னும் வாழ விரும்பினார் என்றும் 1924-இல் வெளிப்படையாக எழுதினார். தம் கொள்கையையும் அவர் கைவிடவில்லை. தம் செயலையும் மறைக்கவில்லை.

நான் இதில் அவரோடு உடன்படவில்லை. வாழ விரும்புவது பலவீனம் என்று என்னால் எண்ண இயலவில்லை. இருபத்துமூன்று வயதில் அது இயலாது போலும். அவர் அன்றிரவு பிழைத்ததால்தானே நாடு உப்புச் சத்தியாக்கிரகத்தையும் பிறவற்றையும் கண்டது? ஆயினும், சோதனையில் கிடைத்த விடை தம் கருத்துக்கு மாறாக வந்தபோது, அதை அழித்து எழுதாமல் ஏட்டில் அப்படியே குறித்து வைத்த நேர்மையைக் கற்க நாம் ஆய்வுக்கூடத்தில் எத்தனை ஆண்டுகள் செலவிட வேண்டியிருக்கிறது!

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1944-இல் அதே பூனாவில், ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாய் அம்மையார் இறக்கும் தறுவாயில் இருந்தார். மகன் தேவதாஸ் அரிய பென்சிலினைக் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவழைத்தார். சில மணிக்கொரு முறை ஊசி குத்தவேண்டும் என்று அறிந்த அடிகள், சாகப் போகிறவளை மேலும் துன்புறுத்த வேண்டாம் என்று தடுத்துவிட்டார். பிப்ரவரி 22-ஆம் நாள் மாலை அம்மையார் கணவரின் மடியில் உயிர் நீத்தார். நோய் அவ்வளவு முற்றிய நிலையில் அம்மருந்து காத்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் தந்தைக்கு அன்று மறுக்கப்பட்ட கத்தியும், மனைவிக்கு மறுக்கப்பட்ட ஊசியும் என் மனத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன.

1947 மே மாதம், கலவரத்தால் எரிந்த பீகாரில் அடிகள் அமைதிப் பணியில் இருந்தார். பேத்தி முறையான மனு என்னும் பெண் உடனிருந்து தொண்டு செய்தாள். அவளுக்கு வயிற்றுவலி வந்தது. குடல்வாலாக இருக்குமோ என்று அடிகளே ஐயுற்றார். தம்மை அறுத்த நோயை அவர் மறப்பாரா? முதலில் மண்கட்டும் உணவுக் கட்டுப்பாடும் செய்து பார்த்தார். குணமாகவில்லை. மருத்துவர்களை அழைத்தார், அவர்கள் அறுவை என்றனர். இம்முறை அவர் தடுக்கவில்லை. பாட்னா மருத்துவமனையில் அறுவை நடந்தபோது, 77 வயதுக் கிழவர் முகத்தில் துணிக் கவசம் அணிந்துகொண்டு அறுவைக் கூடத்திற்குள்ளேயே இருந்தார். அப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. மனு பிழைத்தாள். எட்டு மாதங்கள் கழித்து, 1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, அவர் சுடப்பட்டு வீழ்ந்தபோது அவர் கைதாங்கி நடந்த இரு பெண்களுள் அவளும் ஒருத்தி.

இன்று

அடிகள் மறைந்த பின் குடல்வால் மருத்துவம் நெடுந்தூரம் வந்துவிட்டது. 1980-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கர்ட் செம் என்பவர் சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்திக் குடல்வாலை அகற்றினார். என் வயிற்றிலுள்ள மூன்று சிறு தழும்புகள் அவர் காட்டிய வழி. 1986-இல் நோய்க் குறிகளுக்கு மதிப்பெண் இட்டு, பத்துக்கு எத்தனை என்று கணிக்கும் முறையை அல்வராடோ வகுத்தார். கத்தியே வேண்டாமோ என்ற கேள்வியும் இப்போது எழுந்துள்ளது. பின்லாந்தில் 530 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. வெடிக்காத, சிக்கலற்ற அழற்சிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு ஓராண்டுவரை அறுவை தேவைப்படவில்லை. ஐந்தாண்டில் அவ்வெண் 61 ஆகக் குறைந்தது. அறுவையின்றித் தீர்க்க முயன்ற அடிகளின் ஆசை முற்றிலும் பொய்யன்று. அதற்கேற்ற மருந்துதான் அவரிடம் இல்லை. மண் அம்மருந்து ஆகாது, விளக்கெண்ணெயும் ஆகாது. பேதி மருந்து வீங்கிய குடல்வாலை வெடிக்கச் செய்யவும் கூடும்.

ஆகவே நண்பர்களே, கொப்பூழில் தொடங்கிய வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கினால், உணவு வெறுத்தால், குலுங்கினால் வலித்தால், ஓமத் தண்ணீரோடு இரவைக் கழிக்காதீர்கள். தேர்வு அடுத்த பருவத்தில் மீண்டும் வரும்.

புண் ஆறியதும் அம்மா என்னைத் திருமலைக்கு அழைத்துச் சென்றார்கள். நான் அறுவைக் கூடத்தில் இருந்த வேளையில் சித்தூரிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்த அவர்கள், மலை கண்ணில் பட்டதும் என் முடியைக் காணிக்கையாக நேர்ந்துகொண்டார்களாம். மொட்டைத் தலையோடு நான் மலையிறங்கியபோது, பிள்ளையைக் காத்தவன் பெருமாளே என்றார்கள். அந்த மருத்துவரும்தான் என்று நான் சொன்னேன். அவரை அங்கே அன்றிரவு நிறுத்தி வைத்தவன் யார் என்று கேட்டார்கள். அதற்கு விடை விலங்கியல் நூலில் இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை.